முதல் தட்டு உனக்கு

இது நடந்தது. எனக்கே நடந்தது. காதில் பூ சுற்றுகிறேன் என்று நினைக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தம் இல்லை. யாரோடும் வாதாட இப்போது தெம்பு கிடையாது.

பேய் என்றால் நள்ளிரவு, மழை, நாய் ஊளை என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இன்னொரு ஏமாற்றம். எனக்கு நடந்தது பட்டப்பகலில். மதியம் 2:40. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மேலே திரைச்சீலைக் கடையில் யாரோ துணியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இருந்தது அந்தக் கடைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில். கதவைச் சாத்திவிட்டால் அங்கே பகலும் ஒன்றுதான், இரவும் ஒன்றுதான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் ராக் பாடகன். கிட்டாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துகிறவன். நாங்கள் நான்கு பேர். பதினான்கு வருஷம் ஒரே வேனில் சுற்றினோம். குழு உடைந்த பிறகு பதினோரு வருஷம் இசை இருக்கும் திசையில் நான் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. இப்போது நாற்பத்தொன்பது வயது. காது பரிசோதனை நிலையத்தில் வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க" என்று நாளைக்கு இருபது தடவை சொல்வேன். ஊர்க் காதையெல்லாம் கெடுத்தவனுக்கு ஏற்ற தண்டனை என்பாள் என் மனைவி.

என் காதும் கெட்டுத்தான் போயிருக்கிறது. குறிப்பாக இடது காது. பேச்சு கேட்கும். ஆனால் கூர்மையான சத்தங்கள், அதாவது கரண்டி விழுவது, சாவி குலுங்குவது, அதெல்லாம் அந்தப் பக்கம் ஏறாது. எல்லாம் இடியின் கைங்கரியம்.

இடி என்பது எங்கள் டிரம்மரின் பட்டப்பெயர். ஆள் இடது கைக்காரன். டிரம்ஸில் ஒன்றன்மேல் ஒன்று மோதும் ஜோடித் தட்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். மற்றவர்களுக்கு அது இடப்பக்கம் இருக்கும். இவனுக்கு வலப்பக்கம். அவனுக்கு வலப்பக்கத்தில்தான் நான் நிற்பேன். ஆகவே பதினான்கு வருஷமும் அந்தத் தட்டு என் இடது காதுக்கு நேராக அலறியது. தள்ளி நிற்கலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். தள்ளி நின்றால் எனக்குப் பாட வராது.

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாட்டு தொடங்கும் முன் டிரம்மர்கள் குச்சிகளை ஒன்றோடொன்று நான்கு தடவை தட்டுவார்கள். உடனே எல்லோரும் சேர்ந்து ஆரம்பிக்க வேண்டும். எங்கள் குழுவில் மட்டும் ஐந்து தட்டு. காரணம் நான். மேடையில் ஏறினால் என் புத்தி எங்கேயாவது மேயப் போய்விடும். மற்ற மூன்று பேரும் ஆரம்பித்த பிறகுதான் முழித்துக்கொள்வேன். ஒரு நாள் இடி சொன்னான்.

"முதல் தட்டு உனக்கு. எங்க இருந்தாலும் வந்து சேரு. மத்த நாலும் பாட்டுக்கு."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்றாவது சரணம் வந்தால் நான் தளர்ந்துவிடுவேன். மூச்சு போதவில்லையா, மனசு கனத்துவிடுகிறதா, இன்றுவரை தெரியாது. பாட்டு மெதுவாகிவிடும். இடி ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். என்னோடு சேர்ந்து அவனும் மெதுவாவான். கேட்கிறவர்களுக்கு அது வேண்டுமென்றே செய்தது போல இருக்கும். நான் தளர்ந்தால்தான் அவன் தளர்வான். அவனாகத் தளர்ந்து நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நிகழ்ச்சி ஒரு பெரிய மைதானத்தில். மூன்றாவது சரணத்தில் நான் வழக்கத்தைவிட அதிகமாக இழுத்தேன். இடி கூடவே வந்தான். மற்ற இருவரும் வரவில்லை. பாட்டு நடுவில் உடைந்து விழுந்தது. எட்டாயிரம் பேர் ஊளையிட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு, மேடையில் விளக்கு கழற்றுகிறவர்கள் எல்லோரும் பார்க்க, நான் இடியிடம் சொன்னேன்.

"உன்னைவிட ஒரு மெஷின் ஒழுங்கா தட்டும்."

தப்பு என்னுடையது. எனக்கு அது தெரியும். அவனுக்கும் தெரியும். வாசித்து முடித்ததும் எப்போதும் செய்வதைப் போல இரண்டு குச்சிகளையும் சேர்த்து டிரம்மின் மேல் வைத்தான். டொக். எழுந்து போனான். பதினோரு வருஷம். அவன் எண் என் போனில் இருந்தது. போனை மூன்று தடவை மாற்றினேன், எண்ணை அழிக்கவில்லை. கூப்பிடவும் இல்லை.

பிறகு போன வருஷம், பாத்திரம் கழுவும்போது மெட்டுகள் வர ஆரம்பித்தன. தண்ணீர்ச் சத்தத்தில் முணுமுணுப்பேன். யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு பாட்டை ஒழுங்கா பதிவு பண்ணுங்க, இல்ல பாத்திரத்தை ஒழுங்கா கழுவுங்க," என்றாள் மனைவி. "ரெண்டும் அரைகுறையா இருக்கு."

எட்டுப் பாட்டு சேர்ந்திருந்தது. இரண்டு வாரம் விடுப்பு போட்டேன். இதுதான் கடைசி வாய்ப்பு என்று எனக்குத் தெரியும். தொண்டை போய்க்கொண்டிருக்கிறது. விரல்கள் காலையில் மடங்குவதில்லை. இன்னும் இரண்டு வருஷம் போனால் நான் பாடுவது எனக்கே கேட்காது. அதற்குள் ஒன்றை முடித்துவிட வேண்டும். தனியாக. கிட்டார், குரல், அவ்வளவுதான். டிரம்ஸ் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். தாளத்துக்கு ஹெட்போனில் கம்ப்யூட்டர் தட்டும். டிக், டிக், டிக், டிக். நான் அன்றைக்குச் சொன்ன அதே மெஷின்.

கூடத்தை நடத்துகிறவள் முப்பது வயதுப் பெண். சவுண்ட் இன்ஜினியர். காலையில் விளம்பரக் குரல்களைப் பதிவு செய்வாள், மதியம் ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை எனக்கு. அவள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம். என் இடப்பக்கம் சற்றுப் பின்னால், மூலையில், கூடத்துக்குச் சொந்தமான டிரம்ஸ் ஒன்று சாம்பல் நிறத் துணி போட்டு மூடியிருந்தது. எதிர்ச் சுவரில் சிவப்பு எண்கள் ஒளிரும் கடிகாரம். அதனால்தான் மணியெல்லாம் எனக்கு இவ்வளவு சரியாக ஞாபகம் இருக்கிறது.

முதல் நாள், திங்கட்கிழமை. பன்னிரண்டு தடவை முயன்றேன். பன்னிரண்டு தடவையும் தப்பான இடத்தில் ஆரம்பித்தேன். நான்கு டிக் முடிந்த பிறகுதான் எனக்கு முழிப்பு வருகிறது. பதினோரு வருஷத்தில் எதுவும் திருந்தவில்லை. அந்தப் பெண் பொறுமையாக இருந்தாள். அவள் பொறுமையாக இருந்ததுதான் எனக்கு அவமானமாக இருந்தது. கிட்டாரைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று தோன்றியது.

2:40. பதின்மூன்றாவது தடவை.

டக்... டிக், டிக், டிக், டிக்.

சரியான இடத்தில் ஆரம்பித்துவிட்டேன். பாட்டு முழுக்கப் பாடி முடித்தேன். முடித்த பிறகுதான் உறைத்தது.

"ஐஞ்சு தட்டு வெச்சீங்களாம்மா?"

"இல்ல சார், நாலுதான். ஏன், மாத்தணுமா?"

"வேண்டாம். நல்லா இருக்கு."

காது தகராறு என்று விட்டுவிட்டேன். என் தொழிலில் இல்லாத சத்தத்தைக் கேட்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ரீங்காரம் கேட்கும், மணி கேட்கும். ஆனால் அது கம்ப்யூட்டரின் டிக் இல்லை. மரத்தோடு மரம் மோதும் டக். அதை வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் மறக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது பாட்டு. மறுபடியும் முதலில் ஒரு டக். மூன்றாவது சரணத்தில் வழக்கம்போலத் தளர்ந்தேன். போச்சு, மெஷின் நம்மை விட்டுவிட்டு ஓடிவிடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. சரியாக என் கூடவே இருந்தது.

"ஒரே டேக்ல முடிச்சிட்டீங்க சார்!" என்றாள் அவள். பிறகு திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். "ஒரு நிமிஷம்..."

அந்தப் பாட்டு நான்கு நிமிஷம் பன்னிரண்டு விநாடி வர வேண்டும். கணக்குப் போட்டுத்தான் கம்ப்யூட்டரில் கொடுத்திருந்தாள். வந்தது நான்கு நிமிஷம் பத்தொன்பது. ஏழு விநாடி அதிகம். திரையில் ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு கோடு. வேலிக் கம்பிகள் போல ஒரே இடைவெளியில் நிற்க வேண்டிய கோடுகள். மூன்றாவது சரணத்தில் மட்டும் விலகி விலகிப் போயிருந்தன.

"மெஷின் எப்படி சார் தளரும்?" என்று கேட்டாள். அவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். புதன்கிழமையும் அதேதான் நடந்தது. அன்று அவள் அதைப் பற்றி என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை 3:15. தண்ணீர் குடிக்கத் திரும்பினேன். மூலையில் துணி போட்டு மூடியிருந்த டிரம்ஸ் வேறு மாதிரி தெரிந்தது. மேடு பள்ளமெல்லாம் இடம் மாறியிருந்தது. போய்த் துணியை விலக்கினேன்.

ஜோடித் தட்டு வலப்பக்கம் இருந்தது. இருக்கை தரையோடு தரையாக இறக்கப்பட்டிருந்தது. இடி குள்ளன்.

"இதை யாரும்மா மாத்தி வெச்சது?"

அவள் வந்து பார்த்தாள். "யாருமே இல்லையே சார். போன மாசம் நானே மூடினேன்." குனிந்து இருக்கையைப் பார்த்தாள். "இது இடது கைக்காரங்க வைக்கிற மாதிரி இருக்கு."

அவளே எல்லாவற்றையும் பழையபடி மாற்றினாள். மாற்றும்போது சுவர்ப் பக்கம் முதுகை வைத்துக்கொண்டாள். நான் அதைக் கவனித்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை 6:30 மணிக்கு என் வேலை இடத்துக்குப் போனேன். சாவி என்னிடம் உண்டு. கண்ணாடிக் கூண்டில் நானே உட்கார்ந்து என் காதை நானே பரிசோதித்தேன். வலது காது சுமார். இடது காதில் உயர்ந்த ஒலிகள் சுத்தமாக இல்லை. குச்சியோடு குச்சி மோதும் சத்தம் ஒன்றைப் பதிவிலிருந்து எடுத்து இடது ஹெட்போனில் மட்டும் போட்டுப் பார்த்தேன். முழு அளவில் வைத்தேன். மந்தமான ஒரு தட்டல், அதுவும் இருக்கிறதா இல்லையா என்று.

ஆனால் ஐந்து நாளாக நான் கேட்ட டக், சுத்தமாக, கூர்மையாக, இடது காதில்தான் கேட்டது.

அன்றைக்கு முதல் தடவையாகப் பயந்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன்.

"முகம் ஏன் இப்படி வெளிறிப் போயிருக்கு?" என்றாள் மனைவி.

"அலைச்சல்."

"பிடிக்கலேன்னா விட்டுடுங்க. யாரும் கேக்கப் போறதில்ல."

விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக நான் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தேன். அதை விட்டுவிட மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, பாத்திரம் கழுவும்போது, ஒன்பதாவதாக ஒரு பாட்டு முழுசாக வந்தது. உட்கார்ந்து எழுதினேன். மணி 8:50. அது இடியைப் பற்றிய பாட்டு என்று எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது. யாரிடமும் பாடிக்காட்டவில்லை.

அடுத்த வாரம் திங்கள், செவ்வாய், புதன். தினம் ஒரு பாட்டு. தினமும் அந்த முதல் தட்டு. புதன்கிழமை நான்கு டிக்கும் போய்விட்டது. ஐந்தும் டக்காக இருந்தது.

வியாழக்கிழமை. ஒன்பதாவது பாட்டு. கடைசி நாள்.

"கம்ப்யூட்டர் டிக்கை நிறுத்திடுங்கம்மா," என்றேன்.

"தாளம் இல்லாமயா சார்?"

"நிறுத்திடுங்க."

அவள் நிறுத்தினாள். கண்ணாடி வழியாகக் கட்டைவிரலைக் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

2:40.

ஹெட்போனில் ஒன்றும் இல்லை. என் மூச்சு மட்டும்.

டக்.



டக்... டக்... டக்... டக்.

பாட ஆரம்பித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பாதி வரியில் ஹெட்போனின் இடப்பக்கத்தைக் காதிலிருந்து தள்ளினேன். சத்தம் நிற்கவில்லை. ஹெட்போனிலிருந்து வரவில்லை அது.

பின்னாலிருந்து வந்தது. இடப்பக்கம். மூலையிலிருந்து.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கிட்டாரில் விரல்கள் தானாக ஓடின. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது சரணம். துணிக்கு அடியில் ஏதோ அசைகிற சரசரப்பு. என் பிடரியில் காற்று பட்டது. அந்த அறையில் ஃபேன் கிடையாது.

மூன்றாவது சரணம்.

தளர்ந்தேன்.

பின்னால் இருந்ததும் தளர்ந்தது.

இன்னும் மெதுவாக...

அதுவும் மெதுவாக...

என்னை விடவில்லை.

கடைசி வரி முடிந்தது. கிட்டார் அதிர்ந்து அடங்கியது. மைக் இன்னும் திறந்திருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. பயத்திலா, வேறு எதிலா, தெரியாது.

"மன்னிச்சிடுடா," என்றேன். "தளர்ந்தது நான்தான்."

ஒரு விநாடி. இரண்டு. மூன்று.

டொக்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. இத்தனை நாளும் அவளுக்கு எதுவும் கேட்டதில்லை. இது கேட்டுவிட்டது.

"சார்... உள்ள யாரு?"

கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் மூலைக்குப் போனோம். துணி மூடியபடியே இருந்தது. நடு டிரம்மின் மேல் மட்டும் துணிக்கு அடியில் இரண்டு மேடு. அடுத்தடுத்து. நேராக.

அவள் துணியைத் தூக்கினாள்.

இரண்டு குச்சிகள். அந்தக் கூடத்தில் குச்சியே கிடையாது. வருகிறவர்கள் அவரவர் குச்சியைக் கொண்டுவருவார்கள். ஒன்றின் பிடியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. இடி தன் இடது கைக் குச்சிக்கு அப்படித்தான் சுற்றுவான்.

தொட்டுப் பார்த்தேன்.

சூடாக இருந்தது. கையிலிருந்து இப்போதுதான் கீழே வைத்த சூடு.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். கண் கூசியது. திரைச்சீலைக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு டீ அனுப்பினார். இருவர் கையிலும் டீ ஆறிப்போனது. மறுநாள் அவள் போய்ப் பார்த்தபோது குச்சிகள் அங்கே இல்லையாம். அந்த டொக் மட்டும் பதிவில் இருக்கிறது. அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அன்று மாலை 5:20. பதினோரு வருஷம் கழித்து இடியின் எண்ணைக் கூப்பிட்டேன். நான்கு தடவை மணி அடித்தது. ஒரு பெண் குரல் எடுத்தது. அவனுடைய அக்கா.

"உன் பேரு வருது ஸ்கிரீன்ல," என்றாள். "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?"

"அவன் இருக்கானாக்கா?"



"பத்தொன்பது நாள் ஆச்சு. சனிக்கிழமை. கல்லீரல்."

எண்ணிப் பார்த்தேன். நான் முதல் பாட்டைப் பதிவு செய்த திங்கட்கிழமைக்கு ஒன்பது நாள் முன்னால்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். செத்தவன் வந்து எனக்காக வாசித்துவிட்டுப் போனான், நண்பன்டா, என்று அழுதுவிட்டு ஆறுதலாக இருந்திருப்பேன். அந்த ஆறுதல் மூன்று நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. கூடத்தில் அவன் செருப்பு இன்னும் கிடந்தது. அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய் அவனுடைய போனை எடுத்துவந்தாள்.

"கடைசி ஒரு மாசம் அவனுக்குப் பேச்சு இல்ல," என்றாள். "ஆஸ்பத்திரிக் கட்டில்ல சாப்பாட்டுத் தட்டு வைக்கிற பலகை இருக்குமில்ல, அதுல ரெண்டு கரண்டிய வெச்சுத் தட்டிட்டே இருப்பான். பதிவு பண்ணுன்னு கையைக் காட்டுவான். நான் போனை வைப்பேன். உன் பாட்டுக்குத்தானே தட்டினான்?"

"என் பாட்டா?"

"உன்னை மாதிரி கிட்டார் வாசிக்கிறதா சைகை காட்டினானே. நீ அனுப்பி வெச்சிருப்பேன்னு நெனச்சேன்."

நான் யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை.

போனில் பத்துப் பதிவு இருந்தது. ஒன்றிலிருந்து பத்துவரை எண் போட்டிருந்தது. வலது காதில் வைத்துக் கேட்டேன். ஒவ்வொன்றும் ஐந்து தட்டோடு ஆரம்பித்தது. இரண்டாவதில் முதல் ஐந்து தட்டைக் கழித்தால் நான்கு நிமிஷம் பத்தொன்பது விநாடி. மூன்றாவது சரணம் வர வேண்டிய இடத்தில் தளர்ந்து, மறுபடி நிமிர்ந்தது. வரிசை மாறாமல் எட்டுப் பாட்டும் இருந்தன. நான் சமையலறைத் தண்ணீர்ச் சத்தத்தில் முணுமுணுத்த எட்டுப் பாட்டு.

ஒன்பதாவதும் இருந்தது. அவன் செத்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, இரவு 8:50 மணிக்கு நான் எழுதிய பாட்டு. அவன் தட்டிய தேதி அதற்கு மூன்று வாரம் முன்னால்.

பத்தாவதை அழுத்தினேன்.

பத்தாவது பாட்டு என்று ஒன்று கிடையாது. நான் எழுதவில்லை.

ஐந்து தட்டு. பிறகு நல்ல வேகம். முதல் சரணம், இரண்டாவது சரணம். மூன்றாவதில் தளர்கிறது. இந்த முறை நிமிரவில்லை. தளர்ந்துகொண்டே போகிறது... இரண்டு தட்டுக்கு நடுவே ஒரு விநாடி... இரண்டு விநாடி... இரண்டு நிமிஷம் ஆறு விநாடியில் நின்றுவிடுகிறது. பாட்டின் நடுவில்.

"கை ஓஞ்சு போயிடுச்சாக்கா?" என்றேன். அவள் ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று மனசு கெஞ்சியது.

"இல்லடா. அதுக்கப்புறமும் நல்லாத்தான் இருந்தான். ராத்திரி வரைக்கும் மத்த பாட்டையெல்லாம் தட்டினான். இதை மட்டும் அங்கேயே நிறுத்திட்டான். இன்னொரு தடவை தட்டுன்னு சொன்னேன். தலையை ஆட்டிட்டு அழுதான்."

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நின்ற பிறகு மூன்று விநாடி அமைதி. பிறகு இரண்டு கரண்டிகளையும் சேர்த்துப் பலகையில் வைக்கும் சத்தம்.

டொக்.

நான் தளர்ந்தால்தான் அவன் தளர்வான். நான் நின்றால்தான் அவன் நிற்பான்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. பாட்டுகள் வெளிவந்தன. நன்றாக இருக்கிறது என்று நிறையப் பேர் எழுதினார்கள். தனி ஆளாகத் திரும்பி வந்துவிட்டான் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்துச் சிரிப்பு வந்தது. "இன்னும் ஒண்ணு சேர்த்தா பத்தாயிடும் சார், மேடையில பாடவும் சரியா இருக்கும்," என்று அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டுவிட்டாள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். கிட்டாரைப் பரண்மேல் போட்டுவிட்டேன். பாத்திரத்தை இப்போது மனைவி கழுவுகிறாள். ஏன் என்று கேட்டாள். முதுகு வலி என்றேன். அவளிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? எனக்குப் பாட ஆசையாக இருக்கிறது, அதுதான் பெரிய தொந்தரவு. இத்தனை வருஷத்தில் இல்லாத அளவுக்கு ஆசையாக இருக்கிறது.

நேற்றுக் காலை 7:15. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது, என்னை அறியாமல் ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். புது மெட்டு. நல்ல வேகம். இரண்டு சரணம் தாண்டியதும் சட்டென்று வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு, இடது காதில், சுத்தமாக...

டக்.

ஒன்றுதான் கேட்டது. மற்ற நான்கும் இன்னும் வரவில்லை.